கருவாட்டுப் பெட்டியைத் தூக்க வந்தால் முதலில் காகிதம் கேளுங்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கருவாடு விற்கிற எத்தனையோ பெண்களுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தெரியவருவதே பெட்டி பறிபோகும் நாளில்தான். 2006-இல் வந்த சட்டம் அது. கெட்ட மீனைத் தடுக்க அப்படி ஒரு சட்டம் வேண்டியதுதான். ஆனால் அதில் விற்பவருக்கும் உரிமைகள் உண்டு. அவற்றை எந்த அலுவலகமும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.

முதல் சிக்கல், உணவு வியாபாரத்துக்கு இந்தச் சட்டப்படி யாருக்குப் பதிவு தேவை என்பது. 18(3) பிரிவு மீனவரையும் அவர் தொழிலில் கிடைப்பதையும் விலக்கி வைக்கிறது. ஆனால் ஏலத்தில் நெத்திலியோ சாளையோ வாங்கி, உப்புப் போட்டுக் காயவைத்து விற்றால் நீங்கள் வியாபாரி. வீட்டுக்காரரின் மீனவர் நலவாரிய அட்டை அந்த இடத்தில் கைகொடுக்காது. பதிவு செய்துகொள்ளுங்கள்.

சிறு வியாபாரிக்கு உரியது பதிவு; உரிமம் என்பது வேறு, அது பெரிய வியாபாரத்துக்கு. 2011 விதிமுறைகள் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை பதிவு போதும் என்றும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றும் வைத்தன. படிவம் 'ஏ', புகைப்படம், அடையாள அட்டை இவ்வளவே அடிப்படை. விண்ணப்பம் போடும் கணினி மையத்தில் ஏமாறும் இடங்கள் இரண்டு. உங்களைப் பெரிய உற்பத்தியாளர் என்று பதிந்து, உரிமக் கட்டணத்தைக் கறந்துவிடுவார்கள். இன்னொன்று, கைபேசி எண் கட்டத்தில் மையக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவார். பிறகு எந்தத் தகவலும் உங்களுக்கு வராது, எதற்கும் அவரிடமே போய் நிற்க வேண்டும். உங்கள் எண்ணையே போடச் சொல்லுங்கள், கட்டணரசீதைக் கையில் வாங்குங்கள்.

பட்டா கொண்டுவா, வீட்டுவரி ரசீது கொண்டுவா என்று அலையவிட்டால், எந்த விதிப்படி கேட்கிறீர்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கடற்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர் பட்டாவுக்கு எங்கே போவார்? விண்ணப்பித்த 7 நாளுக்குள் பதிவு தரவேண்டும், அல்லது காரணத்தோடு மறுக்கவேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாகச் சொல்லவேண்டும். ஆய்வு என்றால் 30 நாளுக்குள் முடிவு தெரியவேண்டும். எதுவும் வராவிட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்று விதியே சொல்கிறது. அதனால் விண்ணப்ப எண்ணும் தேதியும் உயிர்போல. தொலைக்காதீர்கள்.

அடுத்தது வீட்டுக்குள் வருவது. விற்பனைக்குச் செய்யும், இருப்பு வைக்கும் இடத்தில் நுழைந்து பார்க்க உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அதிகாரம் உண்டு; சொந்த வீடு என்று தடுக்க முடியாது. வீட்டுச் சமையலுக்கு வைத்திருப்பது வேறு. இரண்டையும் ஒரே அறையில் குவித்துவிட்டு, இது சாப்பாட்டுக்கு என்று பிறகு வாதாடினால் எடுபடாது. தனித்தனியே வையுங்கள்.

ஆய்வுக்காக மாதிரி எடுத்தால் அதற்கான அறிவிப்பு, படிவம் 5-ஏ, உங்கள் கைக்கு வரவேண்டும். எடுத்த கருவாட்டுக்குச் சந்தை விலையும் தரவேண்டும். மாதிரியை நான்கு பங்காக்குவார்கள். நான்காவது பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, செலவு உங்களுடையது. அங்கேயே, அப்போதே, எழுத்தில் கேட்டால்தான் அது நடக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அரசு ஆய்வறிக்கை பாதகமாக வந்தால், கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் படிவம் 8-இல் நியமன அலுவலரிடம், அதாவது உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு மேலதிகாரியிடம், மேல்முறையீடு செய்யுங்கள்.

கெட்டுப்போனது என்று மீனைக் கொட்டி அழிப்பதற்கும் முன்னால் எழுத்தில் அறிவிப்பு தரவேண்டும். வாய்ச்சொல் போதாது. எடையும் வகையும் எழுதாத ரசீதையோ வெற்றுத்தாளையோ நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் என்ன எழுதப்போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

குறைகளைச் சரிசெய்யச் சொல்லும் மேம்பாட்டு அறிவிப்பு வந்தால், குறைந்தது 14 நாள் அவகாசம் இருக்கவேண்டும். மணலில் விரித்துக் காயவைப்பதுதான் குறை என்றால், கம்பு நட்டு வலை கட்டி மேலே உலர்த்துங்கள். மண்ணும் ஒட்டாது, ஈயும் குறையும். செய்ததைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

உரிமம் இல்லையென்று "உள்ளே போட்டுவிடுவேன்" என்று மிரட்டினால் பயப்படவேண்டாம். உரிமம் இல்லாததற்குத் தண்டனை சொல்லும் 63-ஆம் பிரிவு, பதிவு மட்டும் தேவைப்படும் சிறு வியாபாரியை வெளிப்படையாக விலக்குகிறது. நியாயமான காரணமில்லாமல் தொல்லைக்காகவே பறிமுதல் செய்த அலுவலருக்கு 39-ஆம் பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தப் புகார் பொய் என்று ஆனால் புகார் கொடுத்தவருக்குக் குறைந்தது 50,000 ரூபாய் அபராதம். சாட்சியும் படமும் கையில் இல்லாமல் அந்தப் பிரிவின் பக்கம் போகாதீர்கள்.