கிரகணம்: பிடிப்பா, மறைப்பா, நிழலா?

பற்றுதல், பிடித்தல் என்று பொருள்படும் ‘க்ரஹ்’ என்னும் வடமொழி வேரிலிருந்து பிறந்த சொல் கிரகணம். மணமகளின் கையைப் பற்றும் சடங்கு பாணிக்கிரகணம் எனப்படுவதும், கேட்டதை மனத்தில் வாங்கிக்கொள்வதைக் கிரகித்தல் என்பதும் இதே வேரின் கிளைகள். ராகுவும் கேதுவும் ஞாயிற்றையும் திங்களையும் பற்றுகின்றன என்ற பழைய நம்பிக்கை இப்பெயரில் தங்கியிருப்பதால்தான், ‘கிரகணம் பிடித்தது’, ‘கிரகணம் விட்டது’ என்று வீடுகளில் இன்றும் சொல்கிறோம்.

இந்த எண்ணம் தமிழில் வடசொல் இல்லாமலும் வழங்கியிருக்கிறது. காதலரைக் கண்டது ஒருநாள்தான் என்றாலும் அதனால் எழுந்த ஊர்ப்பேச்சு எங்கும் பரவிவிட்டதைக் கூறும் 1146ஆம் குறள், ‘திங்களைப் பாம்புகொண் டற்று’, அதாவது பாம்பாகிய ராகுவோ கேதுவோ நிலவைப் பற்றியது போல, என்று முடிகிறது. அக்குறளிலுள்ள ‘கொள்’ என்ற வினையே நீண்டு ‘கோள்’ என்றும் நிற்கும். பற்றுவது என்ற பொருளில் வடமொழியில் ‘கிரகம்’ எப்படியோ, தமிழில் ‘கோள்’ அப்படி. ஆங்கிலத்தின் ‘எக்லிப்ஸ்’ மட்டும் வேறு வழியில் வந்தது. கைவிடுதல், தோன்றாது போதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல் அதன் மூலம்.

இன்று தனித்தமிழில் எழுதுவோர் ஞாயிறு மறைப்பு, நிலவு மறைப்பு என்கிறார்கள். முதலாவது மிகப் பொருத்தமானது, ஏனெனில் நிலவு குறுக்கே வந்து ஞாயிற்றை உண்மையாகவே மறைக்கிறது. இரண்டாவதில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. அங்கே நிலவை எதுவும் மறைப்பதில்லை. புவியின் நிழல் அதன்மேல் விழ, முழுமையான நிலையிலும் அது செம்மை படர்ந்து கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளில் ஞாயிறு ஒளிவளையமாய்த் தெரிந்த கங்கண கிரகணத்தை வளைய மறைப்பு எனலாம்; கங்கணம் என்பதே வளைதானே.

சிறுவர்க்கு இதுபற்றிய நூலைத் தேர்ந்தெடுப்பவர், அது எந்தச் சொல்லை ஆள்கிறது என்பதைவிட எதை வரைந்து காட்டுகிறது என்பதைப் பார்ப்பது நல்லது. 2024 ஏப்ரல் 8 அன்று முழு மறைப்பின் பாதையில் இருந்த அமெரிக்க நகரமான கிளீவ்லாந்தில், அந்நாளின் பேஸ்பால் ஆட்டத்தை மறைப்பு முடிந்தபின் மாலையில் தொடங்கினார்கள். அந்த ஆட்டத்தின் பந்தையே புவியாக வைத்துக்கொண்டால், நிலவு சுமார் 2 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு கோலிக்குண்டு. அதைப் பந்திலிருந்து ஏறத்தாழ 2.2 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால், அமாவாசைகளிலும் பௌர்ணமிகளிலும் அக்குண்டு ஞாயிற்றையும் புவியையும் இணைக்கும் நேர்கோட்டைவிட்டு 20 செ.மீ. வரை மேலாகவோ கீழாகவோ விலகிப் போய்விடக்கூடும். மாதந்தோறும் மறைப்பு நிகழாததற்குக் காரணம் இதுவே. ஞாயிறு, புவி, நிலவு என்ற மூன்று உருண்டைகளையும் ஒரே பக்கத்தில் நெருக்கி அடுக்கிவிட்டு, இந்தத் தொலைவையும் சாய்வையும் பற்றி ஒரு வரிகூட எழுதாத நூலை நான் பரிந்துரைப்பதில்லை. வெறுங்கண்ணாலோ வெயில் கண்ணாடியாலோ ஞாயிற்றைப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை, கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தில் அல்லாமல் முதல் படத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.