மஞ்சள் கருவில் வரும் கட்டுச்சோறு

பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "கம்போரோ நோய் வருவது குஞ்சுக்கு, ஊசியை ஏன் தாய்க்கோழிக்குப் போடுறாங்க?" நியாயமான சந்தேகம். அந்தத் தாய்க்கோழி இருப்பது வேறு ஏதோ ஊரில், அவர் கண்ணாலேயே பார்க்காத பண்ணையில்.

முதலில் நோய். அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில், கம்போரோ என்ற இடத்துப் பண்ணைகளில் கண்டதாக 1962-ல் விவரிக்கப்பட்டதால் இந்தப் பெயர். எச்சத்துவாரத்துக்கு மேலே கோழிக்கு பர்சா என்று ஒரு சின்னப் பை உண்டு, வைரஸ் குறிவைப்பது அதைத்தான். 3 முதல் 6 வாரக் குஞ்சுக்கு வந்தால் கழிச்சல், சாவு என்று வெளிப்படையாகத் தெரியும். அதற்கு முன்னாலேயே வந்துவிட்டால் குஞ்சு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பர்சா பாழாகி, பிறகு எந்தத் தடுப்பூசி போட்டாலும் சரியாக ஏறாது. என்னைக் கேட்டால் இதுதான் மோசம்.

அந்தப் பை எதற்கு என்று 1950-கள் வரை யாருக்கும் தெரியாது. ஒஹாயோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் பர்சாவை வெட்டி எடுத்த கோழிகளை வளர்த்து வந்தார். எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) உருவாவதை வகுப்பில் செய்துகாட்ட இன்னொருவர் அவற்றை வாங்கிப்போய் ஊசி போட்டால், எதிர்ப்பொருளே உருவாகவில்லை! பெரிய பத்திரிகை அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்ப, 1956-ல் கோழி வளர்ப்பு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. நம் எல்லோர் ரத்தத்திலும் ஓடும், எதிர்ப்பொருள் தயாரிக்கும் 'பி செல்'லின் பெயரில் இருக்கும் 'பி' இந்த பர்சாதான். "கோழியின் பின்பக்கப் பையை ஆராயப் பணம் வேண்டும்" என்று இன்றைக்கு ஒருவர் விண்ணப்பித்தால் கொடுப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, ஊசிக்கு வருவோம். முட்டையிடத் தொடங்கும் முன், 16-20 வார வாக்கில் தாய்க்கோழிக்கு எண்ணெய் கலந்த, செத்த வைரஸ் தடுப்பூசி போடுவார்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏறும், வளர்கிற மஞ்சள் கருவுக்குள்ளும் போய்ச் சேரும்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. மஞ்சள் கருவிலிருந்து குஞ்சின் ரத்தத்துக்கு அந்த எதிர்ப்பொருள் எப்படிப் போகிறது? மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள சவ்வில் பரிசல்காரர் மாதிரி ஒரு புரதம் இருக்கிறது. மஞ்சள் கரு லேசான அமிலம், பி.எச். என்ற புளிப்பு அளவில் 6 வாக்கில் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). அந்தப் புளிப்பில் இது எதிர்ப்பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அக்கரையில் குஞ்சின் ரத்தம் 7.4, அங்கே பிடி தானாக நழுவி, ஆள் இறங்கிவிடுவார். பரிசல் காலியாகத் திரும்பும். ரத்தத்தில் அதற்குப் பிடியே கிடையாது என்பதால் இறங்கியவரை மறுபடி ஏற்றிவரவும் முடியாது. புளிப்பு வித்தியாசம் ஒன்றே போக்குவரத்துக் காவலர்! பொரிப்பதற்கு முந்தைய மூன்று நாளில்தான் இந்தச் சவாரி மும்முரம். அப்புறம் மிச்சக் கருவைக் குஞ்சு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது. முதல் நாளில் செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் அந்த மஞ்சள் உருண்டை அப்படியே இருக்கும்.

ஆனால் தாய் கொடுத்துவிட்ட இந்த எதிர்ப்பொருள் கட்டுச்சோறு தீரும். கறிக்கோழிக் குஞ்சில் ஏறக்குறைய மூன்றரை நாளுக்கு ஒருமுறை பாதியாகும், இரண்டு வாரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அதுவரை குஞ்சுக்குத் தண்ணீரில் உயிர்த் தடுப்பு மருந்து கொடுத்தாலும் பயன் குறைவு, தாய் கொடுத்த எதிர்ப்பொருள் அந்த மருந்து வைரஸையும் எதிரியென்றே அடித்துவிடும். தாமதித்தாலோ, ஷெட்டில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும் நிஜ வைரஸ் முந்திக்கொள்ளும். வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்படியே சில குஞ்சுகளின் ரத்தத்தையும் எதிர்ப்பொருள் எவ்வளவு மிச்சம் என்று சோதனைக்கு அனுப்பி, மருந்துக்குத் தேதி குறியுங்கள்.

நண்பருக்கு வரும் குஞ்சுகள் இளங்கோழி, முதுகோழி என்று பல தாய்மந்தைகளின் கலவை, ஒவ்வொன்றின் கட்டுச்சோறும் ஒவ்வொரு அளவு. ஒரே தேதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அவர் சில நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை மருந்து கொடுப்பது அதனால்தான்.