‘லேடி அட்மின்’: ஒரு சொல்லும் அதற்குரிய தமிழும்

பழைய தமிழ் இதழ்களின் ஸ்கேன் பக்கங்களைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்க்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நான் இருக்கிறேன். பாதிப்பேர் கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக்காரர். மீதிப்பேர் எங்கெங்கோ இருக்கிறார்கள். மார்ச் 8, சர்வதேச மகளிர் தினத்துக்குக் குழுவின் நிர்வாகியான அக்காவைப் பற்றி ஒரு வாழ்த்துப் படம் செய்யும் வேலை என்னிடம் வந்தது. ‘குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவிலும் எமக்காக உழைக்கும் அன்பான லேடி அட்மின், எங்கள் மங்கையர் திலகம்’ என்று எழுதி, ரோஜாப் பூவும் வைத்து அவருக்கு அனுப்பினேன்.

“தம்பி, வடிவாத்தான் எழுதியிருக்கிறீர். ஆனா நான் என்ன வேலை செய்தனான் எண்டு இதில ஒரு இடத்திலயும் இல்லையே” என்றார் அக்கா.

உண்மைதான், இல்லை. அந்த ‘லேடி’ என்ற சொல்லிலிருந்தே நான் வழி தவறியிருந்தேன்.

‘லேடி’ பழைய ஆங்கிலச் சொல். அதன் முதற்பகுதி ரொட்டியைக் குறிக்கும், பின்பகுதி பிசைவதைக் குறிக்கும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ‘பாணுக்கு மா பிசைபவள்’. ‘லோர்ட்’ என்ற சொல்லும் அதே வீட்டுக்குரியதுதான்: ‘பாணுக்குக் காவலன்’. பிசைந்தவள் பிறகு வீட்டுத்தலைவி ஆனாள், அப்புறம் பிரபு வீட்டுப் பெண்ணின் பட்டம் ஆனாள். கடைசியில் எந்தப் பெண்ணையும் மரியாதையாகச் சுட்டும் பொதுச்சொல்லாகி, லேடி டொக்டர், லேடி டிரைவர் என்று தொழிற்பெயர்களின் முன்னாலும் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆகவே இதற்குத் தமிழில் ஒரே சொல் போதாது. பட்டமாக வரும்போது ‘சீமாட்டி’. பொரளையிலுள்ள சிறுவர் வைத்தியசாலைக்குத் தமிழில் ‘சீமாட்டி ரிஜ்வே’ என்று பெயர். 1896 முதல் 1903 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ரிஜ்வேயின் மனைவி அவர். கணவர் ‘சேர்’ என்பதால் இவர் ‘லேடி’. பட்டமும் கணவருடையது, பெயரும் கணவருடையது. பொதுவாக மரியாதையுடன் சுட்டும்போது ‘பெண்மணி’ பொருந்தும். தொழிற்பெயருக்கு முன்னால் ஒட்டி வரும் ‘லேடி’க்கோ தமிழில் இணைச்சொல் தேடவே தேவையில்லை, எடுத்துவிடலாம். ‘லேடி அட்மின்’ என்பதற்குத் தமிழ் ‘பெண் நிர்வாகி’ அல்ல, ‘நிர்வாகி’. ‘லேடி மொடரேட்டர்’ என்றால் ‘மட்டுறுத்துநர்’. மட்டு என்றால் அளவு. மொடரேட்டரின் லத்தீன் வேரும் அளவையே குறிக்கிறது என்பதால் இது நல்ல பொருத்தமான ஆக்கம் என்பது என் எண்ணம்.

எடுத்துவிடலாம் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் நம்முடைய விகுதிகள்தான். எழுத்தாளர், பங்களிப்பாளர், தொகுப்பாளர், பயனர், மட்டுறுத்துநர் என்று இணையத்தில் புழங்கும் சொற்களெல்லாம் ‘அர்’ என்றே முடிகின்றன. ஆண், பெண் இருவருக்கும் அது பொது. ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் பயனர் பக்கத்துக்கு ஆண்பாலில் ஒரு பெயர், பெண்பாலில் வேறொரு பெயர். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அங்கே எல்லோருக்கும் ‘பயனர்’ ஒன்றே போதுமாக இருக்கிறது.

இந்த ‘அர்’ பழங்காலத்தில் பலர்பால் விகுதி. ஒருவரைப் பன்மையில் சொல்வது உயர்வு கருதி வழக்கில் வந்தது, இலக்கண முறைப்படி வந்ததல்ல என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. இலக்கணம் இடம் கொடுக்காத இடத்திலும் மக்கள் மரியாதைக்காக ஒரு வழி திறந்துகொண்டார்கள். அந்த வழியில் பெண்களும் அன்றே நடந்திருக்கிறார்கள். ஔவையார், வெள்ளிவீதியார் ஆகிய பெயர்களின் ‘ஆர்’ அதே மரியாதைதான்.

எனக்கு மிகவும் பிடித்த பெயர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். விருந்து வரப்போவதைக் கரைந்து சொன்ன காக்கையைக் குறுந்தொகையின் 210ஆம் பாட்டில் பாடியவர். இந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். காக்கை, அவர் பாடிய பொருள். பாடினி, அவர் செய்த வேலை. அதிலேயே பெண் என்பதும் தெரிந்துவிடுகிறது. ஆர், மரியாதை. யாருடைய மகள், யாருடைய மனைவி, பார்க்க எப்படி இருப்பார் என்ற பேச்சே இல்லை. பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தைப் பாடியவரும் இவரே. அதன் பதிகம் சேர மன்னன் இவருக்குக் கொடுத்த பரிசிலைச் சொல்லும்போதும் ‘அவர்க்கு’ என்றே எழுதுகிறது.

இனி நான் பயன்படுத்திய ‘மங்கை’. மங்கையர் என்பது நிறுவனப் பெயர்களில் நன்றாக நிலைத்த சொல். வெள்ளவத்தை சைவ மங்கையர் கழகத்தின் பெயரில் அது எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! ஆனால் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்ற பழைய வரிசையில் மங்கைக்கு வயது 12, 13. இரண்டு பிள்ளைகளை வளர்த்த ஒருவரை வாழ்த்துப் படத்தில் மங்கை என்பது செல்லம் கொஞ்சுவது போலாகிவிடும். ‘மகளிர்’ கூட்டமாகச் சொல்லும்போது சரியான சொல். ஒருவரைச் சுட்ட உதவாது. ‘பெண்’ வெறும் சொல், மரியாதை போதாது என்று சிலர் தயங்குகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பெண் என்பதுதான் செய்தி என்றால் தயங்காமல் அந்தச் சொல்லையே எழுதலாம். 2011இல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் செய்த கணக்கெடுப்பில் தொகுப்பாளர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இருக்கவில்லை. இந்த வாக்கியத்தில் ‘பெண்கள்’ இல்லாவிட்டால் செய்தியே இல்லை.

மாறாக, ‘குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவிலும்’ என்ற தொடரை நான் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். எங்கள் குழுவின் ஆண்களுக்கும் குடும்பம் உண்டு. அவர்களில் ஒருவரைப் பற்றியும் அப்படி எழுத எனக்குத் தோன்றியதில்லை. ‘கணவரின் ஒத்துழைப்புடன்’ என்பதும் இதே வகைதான். பாராட்டு போலத் தொடங்கி, கடைசியில் இன்னொருவரின் பெருந்தன்மையைப் பாராட்டிவிடும்.

ஒரு பெண்ணின் வேலை கணவரின் பெயருக்குப் பின்னால் மறைந்துபோவது கொழும்புக்குப் புதிதல்ல. 1932 இடைத்தேர்தலில் கொழும்பு வடக்கிலிருந்து சட்டசபைக்கு, அதாவது அரசாங்க சபைக்கு, ஒரு தமிழ்ப் பெண் தெரிவானார். அவர் நேசம் சரவணமுத்து. முந்தைய ஆண்டு அதே தொகுதியில் வென்றவர் அவருடைய கணவர். பின்னாளில் கொழும்பின் முதல் மேயரானவர். ‘திருமதி சரவணமுத்து’ என்று மட்டும் எழுதினால் சபையில் இருந்தவர் யாரென்று தெரியாமல் போகும். ‘நேசம்’ என்ற சொல்லையும் எழுதினால்தான் ஆள் தெரிவார்.

சரி, படத்தைத் திருத்தினேன். அக்கா செய்த வேலை இது: 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு அச்சான பக்கங்களில் னை, லை போன்றவற்றுக்குத் துதிக்கை போல வளைந்த பழைய வடிவங்கள் இருக்கும். ஸ்கேன் படத்தை வாசித்து எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் அவற்றைப் பார்த்துத் தடுமாறும். எந்த வடிவத்தை எதுவென்று தவறாக வாசிக்கிறது என்று அக்கா ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார், அந்தக் கொப்பியின் படம்தான் எங்கள் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. பிழை திருத்த உட்காரும் ஒவ்வொருவரும் முதலில் திறப்பது அதைத்தான்.

‘பழைய எழுத்து வடிவங்களுக்கான திருத்தப் பட்டியலை உருவாக்கியவர், எமது குழுவின் நிர்வாகி’ என்று எழுதினேன். ரோஜாவை எடுத்துவிட்டேன். எந்தப் பெயரைப் போடுவது, முகப்படம் வேண்டுமா என்று அவரிடமே கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது.

“என்ர பெயரை மட்டும் போடும். படத்துக்கு அந்தக் கொப்பியைப் போடும் தம்பி” என்றார்.