கையை விட்டாலும் விழாத ஸ்டெப்னி

அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "யஷ்வந்த்பூர் லாரி நிலையத்தில் பழைய லாரி ஒன்றைப் பார்த்தேன். ஸ்டெப்னி டயர் பின்பக்கம் சேசிஸுக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது. டிரைவர் ஒரு கம்பியைச் சொருகிச் சுற்றினார், டயர் மேலே ஏறியது. பாதியில் கையை எடுத்துவிட்டு யாருடனோ பேசப் போய்விட்டார். டயர் அந்தரத்தில் அப்படியே நின்றது. பிடித்து நிறுத்த பிரேக் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. எப்படி?"

நல்ல கேள்வி. 10.00-20 அளவு லாரி டயர் ரிம்மோடு சேர்ந்து நூறு கிலோவை ஒட்டி இருக்கும். அதைத் தாங்கி நிற்பது உராய்வு ஒன்றுதான்.

டயரை எங்கே வைப்பது என்ற சிக்கல் மோட்டார் வண்டி வந்த காலத்திலிருந்தே இருக்கிறது. ஆரம்பகாலக் கார்கள் உபரிச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்டன. வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் ரிம்மில் காற்றடித்த டயர் இருக்கும். பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் அதைக் கவ்விப் பூட்டிவிட்டு வண்டியை ஓட்டலாம். பிறகு முழுச் சக்கரமே வண்டியோடு வரத் தொடங்கியது. சில வண்டிகளில் மட்கார்டு ஓரத்தில், வில்லிஸ் ஜீப்பில் முதுகில், ராணுவ டிரக்குகள் பலவற்றில் கேபினுக்குப் பின்னால். மேடு பள்ளம் ஏறி இறங்கும் வண்டிக்குப் பின்பக்கம் டயர் தாழ்ந்து தொங்கினால் தரையில் இடிக்கும். சரக்கு லாரிக்கு அந்தக் கவலை குறைவு, சரக்குக்கு இடம் வேண்டும் என்ற கவலைதான் அதிகம். அதனால் டயர் அடியில் போனது. எடை தாழ்வாக இருப்பது வண்டிக்கும் நல்லது. ஆனால் நூறு கிலோவை அங்கே தூக்கிக் கட்ட ஒரு கருவி வேண்டும்.

அந்தக் கருவியின் உயிர் வார்ம் கியர். கலாசிபாளையத்துப் பட்டறை ஒன்றில் அதைப் பிரித்துப் போட்டிருந்தபோது பார்த்தேன். உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி. உள்ளே கட்டை விரலைவிடச் சற்றுப் பருமனான ஒரு திருகு. அதன் மரையில் பல் கோத்தபடி குறுக்காக ஒரு சக்கரம். சக்கரத்தின் அச்சில் சங்கிலி சுற்றும் உருளை. கிரீஸ் கறுத்துப் போயிருந்தாலும், பல்லும் மரையும் உரசும் இடம் மட்டும் கண்ணாடிபோல் மின்னியது. தருமபுரிப் பக்கத்துக்காரரான பட்டறை அண்ணன், "சார், சக்கரத்தைப் பிடிச்சு எவ்வளவு வேணாலும் முறுக்குங்க, திருகு அசையாது. திருகைச் சுத்துங்க, சக்கரம் தானா வரும்" என்றார். முறுக்கிப் பார்த்தேன். விரல் சிவந்ததுதான் மிச்சம்.

திருகின் மரை என்பது ஓர் உருளையைச் சுற்றிச் சுருட்டி வைத்த சாய்தளம். பள்ளியில் படித்திருப்போம்: சாய்தளத்தில் வைத்த கட்டை, சாய்வு ஓர் அளவைத் தாண்டும்வரை நகராது. அந்த எல்லைக் கோணத்தின் டேன் மதிப்புதான் உராய்வுக் குணகம். கிரீஸ் பூசிய இரும்புக்கு அதை 0.12 என்று வைத்தால், கோணம் ஏழு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு மரை எட்டு மில்லிமீட்டர் முன்னேறுகிறது. சுற்றளவு 94. எட்டை 94-ஆல் வகுத்தால் 0.085, அதாவது சுமார் ஐந்து டிகிரி. சாய்வு ஐந்து, வழுக்குவதற்குத் தேவை ஏழு. டயர் என்னதான் இழுத்தாலும் பல் மரைமேல் வழுக்காது. டயரின் எடை இரண்டு மடங்கானாலும் இதே கதைதான். எடை கூடக்கூட, மரையை அழுத்தும் விசையும் அதே விகிதத்தில் கூடும், உராய்வும் கூடும். கோணம் மட்டும் மாறுவதில்லை. தன்மேல் தொங்கும் பாரத்தையே தன்னைப் பூட்டும் சாவியாக மாற்றிக்கொள்ளும் இந்த ஏற்பாடு, எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதை ஆற்றல் கணக்கிலும் பார்க்கலாம், அது இன்னும் அழகு. மேலே சொன்ன திருகின் செயல்திறன் சுமார் 40 சதவீதம்தான். கைப்பிடியில் நாம் 100 ஜூல் கொடுத்தால், 40 டயரை உயர்த்துகிறது, 60 உராய்வில் வெப்பமாகப் போகிறது. இப்போது கையை எடுத்துவிடுவோம். டயர் அதே தூரம் இறங்கினால் அதனால் தரமுடிந்தது 40 ஜூல். வழியில் உராய்வு கேட்பதோ ஏறத்தாழ அதே 60. கொடுக்க வழியில்லை, ஆகவே டயர் இறங்க முடியாது. தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் எந்தத் திருகுக்கும் செயல்திறன் பாதிக்கு மேல் போகாது என்பது இதிலிருந்தே வருகிறது. இயந்திரத்தில் வீணாவது எல்லாம் குறைதான் என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே அந்த வீண்தான் கிளீனர் பையனின் காலைக் காப்பாற்றுகிறது.

பையனுக்குச் சிரமமும் அதிகமில்லை. சக்கரத்துக்கு 20 பல், உருளையின் ஆரம் மூன்று சென்டிமீட்டர், கைப்பிடி 25 சென்டிமீட்டர் என்று கொண்டால், கணக்குப்படி ஒன்றரை கிலோ அளவு விசை போதும். துருவும் மண்ணும் சேர்ந்தால் இது பல மடங்காகும். பதிலுக்கு அறுபது எழுபது சுற்றுச் சுற்ற வேண்டும்.

இதே திருகு நம் வீட்டுக் கூடத்திலும் இருக்கிறது. பழைய வீணையில் மரப் பிருடை துளையில் இறுகிப் பிடித்துத் தந்தியை நிறுத்தும். ஈரப்பதம் மாறினால் நழுவும். இப்போது வரும் வீணைகள் பலவற்றில் கிட்டாரில் உள்ளதுபோல உலோகச் சாவி வைக்கிறார்கள். அதற்குள் இருப்பது இந்த வார்ம்தான். தந்தி எவ்வளவு இழுத்தாலும் சாவி திரும்பாது, விரல் திருப்பினால் மட்டும் திரும்பும்.

ஒரு பலவீனம் உண்டு. மேலே போட்ட கணக்கு அசையாமல் நிற்கும் வண்டிக்கு. ஓசூர் சாலையில் குலுங்கிக்கொண்டே போகும் லாரியில், பல்லும் மரையும் கணத்துக்குக் கணம் விலகி விலகித் தொடும். விலகும் நொடியில் உராய்வு இல்லை, திருகு ஒரு மயிரிழை பின்னால் நழுவும். நூறு கிலோமீட்டர் போனால் மயிரிழைகள் சேர்ந்துவிடும். அதனால்தான் டயரை மேலே ஏற்றியதோடு விடாமல், ரப்பர் சேசிஸ் சட்டத்தில் அழுந்தும்வரை இறுக்குகிறார்கள். அழுந்திய ரப்பர் வில்லாக நின்று, சங்கிலி தளராமல் பார்த்துக்கொள்ளும், பல்லும் மரையும் தொட்டபடியே இருக்கும். அதற்கும் மேலே தனியாக ஒரு போல்ட்டோ கொக்கியோ போட்டுப் பூட்ட வேண்டும். அதைப் போடாத லாரிக்குப் பின்னால் பைக்கில் போவது உயிரோடு விளையாடுவது.

ஆயுத பூஜையன்று இதே லாரிகளுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் உண்டு. பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும். உழைக்கும் கருவியை வணங்குவதில் எனக்கு மறுப்பே இல்லை. சங்கிலியின் துருப்பிடித்த கண்ணியைப் பார்க்காமல் எலுமிச்சையை நம்புவதில்தான் மறுப்பு. அன்றைக்கு நடுத்தெருவில் உடைக்கும் பூசணி மறுநாள் காலை எத்தனை பைக்குகளை வழுக்கிவிடுகிறது என்பது பெங்களூரில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதுவும் உராய்வுக் குணகம்தான், குறைந்துபோன குணகம்.

உராய்வு சின்ன விஷயமல்ல. உலகில் செலவாகும் மொத்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு உராய்வை வெல்வதற்கே போகிறது என்று 2017-ல் இரண்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். யஷ்வந்த்பூர் லாரி நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில், இந்திய அறிவியல் கழகத்தின் இயந்திரப் பொறியியல் துறையில் உராய்வைப் பற்றிய ஆராய்ச்சி நடக்கிறது. ஆனாலும் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஆராய்ச்சிக்கு நாம் ஒதுக்குவது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டல் கிரீஸுக்குக் கிடைக்காது என்பது புரிகிறது. பணமாவது கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: பழைய ராணுவ டிரக்கின் முன் பம்பரில் இருக்கும் இழுவை வின்ச்சும் இப்படித்தானா? ஆமாம், அதே வார்ம்தான், பெரிய அளவில். இரண்டாம் உலகப் போர்க்கால டாட்ஜ் டபிள்யூசி-52 டிரக்கில் தொழிற்சாலையிலேயே வின்ச் பொருத்தி அனுப்பினார்கள். இன்ஜினின் சக்தி கியர்பாக்ஸிலிருந்து தனித் தண்டு வழியாக முன்னால் வந்து திருகைச் சுற்றும். உருளையில் எஃகு வடம் சுற்றிக்கொள்ளும். இங்கே பாரம் டன் கணக்கில் வருவதால், திருகின் தண்டிலேயே கூடுதலாக ஒரு பிரேக்கும் வைத்தார்கள்.

அந்தத் தண்டில் இன்னொரு சிறு பொருள் உண்டு, ஷியர் பின். வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்த ஒரு முளை. சேற்றில் புதைந்த வண்டி இழுக்க முடியாத அளவுக்குப் பாரம் கொடுத்தால், வடம் அறுந்து ஆளை வெட்டுவதற்கு முன்பே இது இரண்டாக முறியும். வின்ச் நின்றுவிடும், புது முளை போட்டால் மறுபடி ஓடும். பழைய டிரக்கைச் சீர்செய்யும் ஆர்வலர்கள் சிலர், அடிக்கடி முறிகிறதே என்று கெட்டியான போல்ட்டை அங்கே அடித்துவிடுகிறார்கள். அப்போது வடம் அறும், இல்லையென்றால் வெண்கலச் சக்கரத்தின் பல் போகும். அந்தச் சக்கரம் இன்று எளிதில் கடையில் கிடைப்பதில்லை. அச்செடுத்து வார்த்துப் பல் வெட்ட வேண்டும். பழைய முளையின் உலோகத்திலேயே, அதே அளவிலேயே பத்து முளைகளைக் கடைசல்காரரிடம் சொல்லிச் செய்து டூல் பாக்ஸில் போட்டுவையுங்கள், செலவு மிகக் குறைவு.