மாம்பழப் பெட்டியும் மொய்க் கவரும்: கொள்முதல் பிரிவில் இருப்பவர்களுக்கு

அரசு அலுவலகங்களில் கொள்முதல் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் லஞ்சம் வாங்காதீர்கள் என்று நான் சொல்வதில்லை, அந்தப் பயம் அவர்களுக்கே இருக்கிறது. மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். சேலத்தில் மே மாதம் மல்கோவாவும் இமாம் பசந்தும் பெட்டியாக வாசலுக்கு வரும், ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு பை வரும், தீபாவளிக்குக் கேட்கவே வேண்டாம். "நம்ம தோட்டத்துப் பழம்தாங்க" என்பார் கொண்டுவருகிறவர், நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள், வீட்டில் அம்மா வாங்கி வைத்துவிடுவார்.

வாங்கியது அம்மாதானே என்று சொல்ல முடியாது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 13-ஆவது விதி, பரிசுகளைக் குடும்பத்தார் வாங்குவதையும் நம் சார்பில் வேறு யாராவது வாங்குவதையும் நாம் அனுமதிக்கக் கூடாது என்கிறது. மாநில அரசு ஊழியர் என்றால் 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நடத்தை விதிகள் இருக்கின்றன, அதை ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

அதிகம் குழம்புவது மொய் விஷயத்தில்தான். கல்யாணம், காதுகுத்துக்கு வாங்கலாமே, விதியே அனுமதிக்கிறதே என்பார்கள். அனுமதிக்கிறதுதான், ஆனால் நெருங்கிய சொந்தக்காரர்களிடமும், நம் அலுவலகத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத நண்பர்களிடமும் மட்டும். அதுவும் மத்திய அரசு விதியில் குரூப் ஏ அதிகாரிக்கு 25,000, பி-க்கு 15,000, சி-க்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். டெண்டர் போட்டிருக்கும் கான்ட்ராக்டர் எழுதும் மொய் இந்தக் கணக்கில் வராது. மொய் நோட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்: ஊர், கடைப் பெயர், தொகை, எல்லாம் உங்கள் சித்தப்பா கையெழுத்தில் வரிசையாக இருக்கும். அதே மாதம் அதே கடைக்கு நீங்கள் கையெழுத்துப் போட்ட ஆர்டரை ஒருவர் பக்கத்தில் எடுத்து வைத்தால் போதும், வேறு சாட்சி தேடத் தேவையில்லை.

"ஏற்காட்டில் ரூம் நம்மளதுதான், குடும்பத்தோட போயிட்டு வாங்க" என்பது இன்னொரு வகை. போகிற வழியில் வண்டியில் ஏற்றிக்கொள்வதையும் சாதாரணமாக ஒரு வேளைச் சாப்பாட்டையும் விதி பரிசாக எண்ணுவதில்லை, ஆனால் அலுவலகத் தொடர்பு உள்ளவரிடம் ஆடம்பரமான உபசரிப்பையும் அடிக்கடி நடக்கும் உபசரிப்பையும் தவிர்க்கச் சொல்கிறது. என் கருத்தில், இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போன இடத்தில் டீ குடிக்கலாம், மதியச் சாப்பாடு சொந்தக் காசில்தான்.

அப்புறம் வெள்ளிக் கொலுசு. சப்ளையருக்குத் தெரிந்த பட்டறையில் செய்கூலி இல்லாமல் வாங்கினால் காசு கொடுத்துத்தானே வாங்கினோம் என்று தோன்றும். ஊழல் தடுப்புச் சட்டம் 1988-இன் 11-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. நம்மிடம் வேலை இருக்கிறவரிடமிருந்து, இனிமேல் வரக்கூடியவரிடமிருந்தும்தான், சும்மாவோ குறைந்த விலைக்கோ ஆதாயம் பெற்றால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. பதிலுக்கு எதுவும் செய்து கொடுக்கவில்லையே என்ற வாதம் இங்கே நிற்காது.

பெட்டி வந்துவிட்டால் பழம் அழுகிவிடுமே என்று அக்கம்பக்கத்தில் பங்கு போட்டுவிடாதீர்கள். அன்றைக்கே திருப்பி அனுப்பி, கூடவே இரண்டு வரிக் கடிதம் கொடுத்து, பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டவர் கையெழுத்தை நகலில் வாங்கி, மேலதிகாரிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கோபித்துக்கொள்வார்களே என்றால், கோபித்துக்கொள்ளட்டும். தீபாவளிக்கு முன்பே எல்லா சப்ளையர்களுக்கும் பரிசு வேண்டாம் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் போய்விட்டால் தர்மசங்கடம் பாதி குறைந்துவிடும், வீட்டிலும் சப்ளையர்கள் பெயரைக் குறிப்பிட்டு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சப்ளையர்களுக்கும் ஒன்று. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால், கொடுத்த 7 நாளுக்குள் போலீஸிடமோ விசாரணை அமைப்பிடமோ புகார் கொடுத்தால்தான் அந்தத் தண்டனையிலிருந்து தப்ப முடியும், பில் பாஸ் ஆகட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.