ஹேண்ட்பில் – துண்டறிக்கை

சான்பிரான்சிஸ்கோவில் 1960-களில் நடந்த ராக் கச்சேரிகளின் சுவரொட்டிகளைச் சேகரிப்பவர்கள் போஸ்டருக்கு அடுத்தபடியாக அதிகம் புழங்கும் சொல் ஹேண்ட்பில். இரண்டிலும் பெரும்பாலும் ஓவியம் ஒன்றுதான். ஆனால் போஸ்டர் சுவருக்கு, ஹேண்ட்பில் கைக்கு.

'ஹேண்ட்' என்றால் கை, அதில் சிக்கலில்லை. 'பில்'தான் சுவையானது. இலத்தீனில் 'புல்லா' என்றால் நீர்க்குமிழி. உருண்டையாக இருந்ததால் ஆவணங்களில் தொங்கவிட்ட முத்திரைக்கும் அந்தப் பெயர் வந்தது. அப்புறம் முத்திரையிட்ட ஆவணமே புல்லா ஆயிற்று. போப்பாண்டவரின் ஆணையை இன்றும் 'புல்' என்கிறார்கள். அந்த வழியில் ஆங்கிலத்துக்கு வந்த 'பில்', எழுதிய தாள் எதற்கும் பெயராகி, சட்ட மசோதா, கடை பில், விளம்பரத் தாள் என்று கிளை விட்டது. நம் சுவர்களில் 'ஸ்டிக் நோ பில்ஸ்' என்று எழுதியிருப்பது கடைசிப் பொருளில்தான்.

1966 முதல் ஃபில்மோர் அரங்கில் பில் கிரஹாமும், அவலான் அரங்கில் செட் ஹெல்ம்ஸின் ஃபேமிலி டாக் குழுவும் வாராவாரம் கச்சேரி நடத்தினார்கள். வெஸ் வில்சன், விக்டர் மாஸ்கோசோ, ரிக் கிரிஃபின், ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி ஆகியோர் அவற்றுக்கான போஸ்டர்களை வரைந்தார்கள். தீப்பிழம்பாய் நெளியும் எழுத்து, அருகருகே வைத்தால் கண்ணைக் கூசவைக்கும் நிறங்கள். 1966 செப்டம்பர் 16, 17 தேதிகளில் அவலானில் நடந்த கிரேட்ஃபுல் டெட் கச்சேரிக்கு மவுஸும் கெல்லியும் செய்த ரோஜா சூடிய எலும்புக்கூட்டைப் பாருங்கள். பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் ருபாயியாத் பாடல்களுக்கு எட்மண்ட் சல்லிவன் வரைந்த கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து, நிறமும் எழுத்தும் சேர்த்தார்கள். இன்றைக்கு அந்த இசைக்குழுவின் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

போஸ்டர்கள் பிரபலமானதும் கச்சேரி முடிந்த பிறகும் விற்பனைக்காக மறுபடி அச்சிட்டார்கள். அதனால் எது கச்சேரிக்கு முன் அச்சானது என்பதுதான் சேகரிப்பவரின் முதல் கேள்வி. ஹேண்ட்பில்லின் வேலையோ கச்சேரிக்கு ஆள் கூட்டுவது, கச்சேரி முடிந்தால் அதுவும் முடிந்தது. மடித்துப் பையில் திணித்த, குப்பைக்குப் போக வேண்டிய தாள் பிழைத்திருப்பதே எனக்குப் பெரிய விஷயம். வாங்கும்போது ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது. மூலத்தில் ஒரே சீராக மை பரவியிருக்க வேண்டிய இடத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால், அச்சிட்ட தாளைப் படம்பிடித்து எடுத்த நகல் என்று சந்தேகப்படலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பேச்சில் நமக்கு 'பிட் நோட்டீஸ்' இருக்கிறது. எழுத்தில் 'துண்டுப் பிரசுரம்' என்கிறோம், ஆனால் அதில் அரசியல் வாடை கொஞ்சம் தூக்கல். 'கைப்பிரதி' கையெழுத்துப் படியோடு குழம்பும், 'கையேடு' வழிகாட்டி நூலாகிவிடும். 'துண்டறிக்கை' என்பதே என் தேர்வு. சொல்லில் கை இல்லாவிட்டாலும், சிறிய தாள், செய்தி சொல்வது என்ற இரண்டும் அதில் உண்டு. ஃபில்மோர் தாள்களில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பின்புறம் முகவரிக்கு இடமும் தபால் கட்டண அச்சும் இருந்தால் அது துண்டறிக்கை அல்ல, அஞ்சலட்டை. அளவு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் விற்பவர்களே இரண்டையும் மாற்றிச் சொல்வதுண்டு.