ஒமொதெனஷி: உபசரிப்பா, விருந்தோம்பலா?

ஜப்பானில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் வீட்டுச் சமையலைச் சாப்பிட்டுத் திரும்புகிறவர்களின் பயணக் கட்டுரைகளில் தவறாமல் வரும் ஜப்பானியச் சொல் ஒமொதெனஷி; விருந்தினரைக் கவனிப்பது என்று பொருள். தமிழில் அதை 'உபசரிப்பு' என்று மொழிபெயர்க்கிறார்கள். 'ஓமோட்டேனாஷி' என்று நீட்டி எழுதுகிறார்கள். ஐந்து எழுத்தும் குறில்தான். 2013 செப்டம்பரில் புவெனஸ் ஐரிஸ் நகரில் டோக்கியோவுக்காக ஒலிம்பிக் வாய்ப்பைக் கேட்டுப் பேசிய தொலைக்காட்சி அறிவிப்பாளர் கிறிஸ்டெல் தகிகவா, எழுத்துக்கு எழுத்து கையை அசைத்து, ஒ-மொ-தெ-ன-ஷி என்று நிறுத்திச் சொன்னார். அதற்குப் பிறகுதான் இச்சொல் உலகெங்கும் பரவியது.

முன்னால் நிற்கும் 'ஒ' மரியாதைக்கான முன்னொட்டு. மீதியுள்ள 'மொதெனஷி', 'மொதெனசு' என்ற வினையிலிருந்து பிறந்தது. கையில் எடுத்து நடத்திக் கொடுத்தல் என்பது அதன் அடிப்பொருள். பழைய ஜப்பானிய இலக்கியத்தில் ஒருவர் நடந்துகொள்ளும் முறை, பிறரை நடத்தும் விதம் என்ற பொருளில் வருகிறது. விருந்தினரைக் கவனிப்பது என்ற பொருள் அதிலிருந்து விரிந்தது. 'ஒமொதெ' என்றால் முன்பக்கம், 'னஷி' என்றால் இல்லை, ஆகவே உள்ளொன்று புறமொன்று இல்லாத அன்பு என்று ஒரு விளக்கம் வலம் வருகிறது. கேட்க அழகாக இருந்தாலும், அது பின்னால் கட்டப்பட்ட வேர்க்கதை.

சொல்லின் உண்மையான பொருளைச் சமையலறையில் பார்க்கலாம். புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப் பார்வைக்குச் சைவம். ஆனால் அதன் அடிச்சாறான 'தாஷி' வழக்கமாகக் கொம்பு என்ற கடற்பாசியோடு, காயவைத்துச் சீவிய சூரை மீனையும் போட்டு எடுப்பது. மீன் சாப்பிடாத ஒருவர் வந்து உட்கார்ந்த பிறகு, கிண்ணத்திலிருந்து மீனின் சாரத்தைப் பிரிக்க முடியாது. அவருக்காகக் கொம்பையும் உலர்ந்த ஷீதாகே காளானையும் முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அதற்கும் முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சோயா சாஸில் கோதுமை இருக்கிறது, மிரின் என்ற இனிப்புச் சமையல் திரவத்தில் மது இருக்கிறது; இதெல்லாம் யாருக்கு ஆகாது என்று விசாரித்துவைக்கும் வீட்டுக்காரி, விருந்தினர் வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

அதே கை சமையல் பொருளையும் அப்படித்தான் நடத்துகிறது. முதல் சாறு எடுத்த கொம்பையும் மீன் சீவலையும் மறுபடி கொதிக்கவைத்து 'நிபன் தாஷி' என்ற இரண்டாம் சாறு எடுப்பார்கள். காய்கறி வேகவைக்க அது போதும். பிறகும் கொம்பைத் தூக்கி எறிவதில்லை. பொடியாக நறுக்கிச் சோயா சாஸில் சுண்டக் காய்ச்சினால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள 'சுகுதனி' ஆகிவிடும். வீணாக்கினால் 'மொத்தைனை' என்பார்கள், நம் பாட்டிமார் 'பாழாக்காதே' என்று பதறுவதைப் போல.

இதை 'உபசரிப்பு' என்று மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உபசரிப்பு விருந்தினர் வந்தபின் நடப்பது. விமானத்திலும் உண்டு, கடையிலும் உண்டு. சரியான சொல் விருந்தோம்பல்தான். விருந்து என்பதற்குப் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் அந்தப் பொருளில் ஆள்கிறது. புதிதாக வந்தவரும் விருந்தானார், அவருக்குப் படைத்த உணவு பிற்காலத்தில் விருந்தானது. ஆகவே முன்பின் அறியாதவருக்கு இச்சொல்லில் முதலிலேயே இடம் இருக்கிறது. ஓம்புதல் என்றால் பேணிக் காத்தல். 'ஒழுக்கம் உயிரினும் ஓம்பப் படும்' என்ற அதே ஓம்பல்தான் 'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்' என்ற குறளிலும் வருகிறது. இன்று 'அனைவரையும் உள்ளடக்கிய, நீடித்த நிலைத்த விருந்தோம்பல்' என்று அடைமொழிகளை அடுக்குகிறார்களே, அவை இரண்டும் இந்த வினைக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. யாரையும் விடாமல், எதையும் பாழாக்காமல் காப்பதுதான் ஓம்புதல்.

இன்னும் இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். 'மின்ஷுகு' குடும்பம் நடத்தும் சிறு தங்குமிடம். 'மின்பகு' குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விடுவது; 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஆண்டுக்கு 180 நாள் வரை விடலாம், உரிமையாளர் அங்கே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சாவியைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்பகுவுக்கு 'வாடகை வீடு' என்பதே பொருத்தம். கியூஷு தீவின் அஜிமு பகுதியில் பண்ணை வீடுகள் விருந்தினரை ஏற்பது வேறு வகை: தங்குபவரும் தோட்டத்தில் காய் பறித்து, சமையலில் கைகொடுப்பார். ஒருமுறை தங்கினால் தூரத்துச் சொந்தம், பத்துமுறை தங்கினால் உண்மையான சொந்தம் என்பது அவர்கள் பேச்சு. இதற்கு 'விருந்தில்லம்' என்று எழுதலாம். 'உணவு விடுதி' என்று எழுதக்கூடாது.

சாப்பிட்டு முடித்ததும் விருந்தினர் சொல்வது 'கொச்சிசோசம'. அதன் நடுவிலுள்ள 'சிசோ'வை எழுதும் இரண்டு சீன எழுத்துகளுக்கும் ஓடுதல் என்று பொருள்; முதலாவது குதிரையை விரட்டி ஓடுவது. இந்த ஒரு வேளைச் சோற்றுக்காக எங்கெங்கோ ஓடி அலைந்தீர்களே என்ற நன்றி அது.